அப்பிச்சியின் ஓட்டு வீட்டை இடித்து லைன் வீடு கட்டலாமா?

கேள்வி: மேட்டுவாசல்

திருப்பூர் நஞ்சராயன் குளத்தை ஒட்டிய சிற்றூர் எங்கள் அம்மாவுடையது. அம்மாவைப் பெற்ற அம்மாயி போன ஆவணியில் தவறிவிட்டார். அம்மாவின் அப்பாவான அப்பிச்சி கட்டிய ஓட்டு வீடும் அதைச் சேர்ந்த எட்டு சென்ட் இடமும் அம்மா பங்குக்கு வந்திருக்கின்றன. இடித்துவிட்டு வரிசையாக ஒட்டினாற்போல் பத்து லைன் வீடு போட்டால் மாதாமாதம் வாடகை வரும் என்கிறார் மாமா. போன வாரம் சென்னையிலிருந்து போய்க் கதவைத் திறந்தேன். ஆசாரத்தில், அதாவது கூடத்தில், சுவரில் நெல் மூட்டைகள் உரசிய கறை அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊரின் பழைய வீடுகள் எல்லாம் குளத்தை விட்டுத் தள்ளி மேட்டில் நெருக்கியடித்து நிற்கின்றன. புதிய வீடுகளோ கரைவரை போய்விட்டன. அந்தக் காலத்தில் ஏன் ஒருவரும் கரையோரம் கட்டவில்லை?

பதில்: நல்லாற்றுக்காரர்

அம்மணி, எனக்கு 72 வயது. அதே குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவன்.

கரைக்குக் கீழே முழுக்க வயல். மதகு திறந்தால் தண்ணீர் பாயும் நிலத்தில் சுவர் எழுப்ப எந்தக் குடியானவருக்கும் மனம் வராது. கதிர் அடிக்கக் களம், மாடு கட்டத் தொழுவம், ஐப்பசி மழையில் கால் புதையாத தரை, இவை மூன்றும் மேட்டில்தான் கிடைத்தன.

ஊரை முதலில் கலைத்தது மோட்டார். நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் 1930களிலேயே வந்துவிட்டாலும் எங்கள் கிணற்றுக்குக் கம்பி இழுத்தது நான் பள்ளிக்கூடம் போன பிறகுதான். அதுவரை அப்பா மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார். மோட்டார் வந்ததும் இராத்திரியிலும் தண்ணீர் கட்ட வேண்டியிருந்தது. நடையை மிச்சம் பிடிக்கத் தோட்டத்துச் சாலையிலேயே குடியேறினோம். தோட்டத்து வீட்டை நாங்கள் சாலை என்போம், உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஐந்தாறு ஆண்டுகளில் ஊருக்குள் பாதி வீடுகளில் கிழவர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

பிறகு பனியன் கம்பெனிகள் பெருகின. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தங்க இடமில்லை. எங்கள் மாட்டுக் கொட்டகையைத் தடுத்து நான்கு குடும்பங்களுக்கு விட்டோம். ஊரின் முதல் லைன் வீடு அதுதான் என்று நினைக்கிறேன். நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே குழாய், ஒரே கழிப்பறை. அதை இப்போது நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

அதே காலத்தில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் நல்லாற்றில் சாயத் தண்ணீர் வந்தது. கிணறு உப்பாகித் தென்னை குரும்பைகளை உதிர்த்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வயல்களில் பாதி சைட்டுகளாகி, கல்லும் நட்டாகிவிட்டது. நானே 2006இல் ஒன்றரை ஏக்கர் விற்றேன். விளையாத மண்ணை வைத்துக்கொண்டு மகளுக்குக் கல்யாணம் செய்ய முடியவில்லை. நீங்கள் பார்த்த கரையோர வீடுகள் நிற்பது அந்த வயல்களில்தான்.

2022இல் குளம் பறவைகள் சரணாலயமானது. 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 300 ஏக்கருக்கு மேல் பரந்த அந்தத் தண்ணீரில் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இறங்குவதை இந்த வயதிலும் போய்ப் பார்க்கிறேன். தரகர்கள் இப்போது குளம் தெரியும் மனைக்குத் தனி விலை சொல்கிறார்கள்.

உங்கள் அப்பிச்சி வீடு மேட்டில் இருக்கிறது. இடிக்காதீர்கள்.

பதில்: கடைக்கால்

அக்கா, ஊத்துக்குளிப் பக்கம் கட்டட மேற்பார்வை செய்கிறேன். எட்டு சென்ட் என்றால் ஏறக்குறைய 3,480 சதுர அடி. பத்து வீடு கட்டலாம். ஆனால் பத்துக் குடும்பங்களின் கழிவுக்குச் செப்டிக் டேங்க் எங்கே வைப்பீர்கள்? ஓடையில் விட்டால் அது போய்ச் சேரும் இடம் குளம்.

பழைய வீட்டில் முதலில் கூரையைத் தாங்கும் பனங்கைகளைத் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்ததாக இருந்தால் உடைந்த ஓட்டை மாற்றினாலே போதும். மண் சுவருக்குச் சிமெண்ட் பூச வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் பொரிந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுதான் ஏற்றது.

பதில்: தையல்காரி

நான் 1994இல் தேனிப் பக்கமிருந்து வந்தவள். பத்துக்குப் பத்து லைன் வீட்டில்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். லைன் வீடே வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லாதீர்கள், அது இல்லாவிட்டால் எங்களுக்குத் திருப்பூரே இல்லை. இப்போது பக்கத்து அறைகளில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும். கட்டுவதென்றால் வீட்டுக்கு ஒரு கழிப்பறை வையுங்கள். விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நின்ற பெண்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

மேட்டுவாசல்

அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மாமாவிடமும் பேசிவிட்டோம். வீடு நிற்கும். பின்னால் தொழுவம் இருந்த மூன்று சென்ட்டில் மூன்று வீடு மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பறையோடு. செப்டிக் டேங்குக்கு வேப்பமரத்தைத் தாண்டி இடம் விட்டிருக்கிறோம்.

நல்லாற்றுக்கார ஐயா, உங்கள் அப்பா கவலை ஓட்டிய கிணறு அப்பிச்சி தோட்டத்துக்கு அடுத்ததுதான் என்று அம்மா அடித்துச் சொல்கிறார். தை மாதம் ஊருக்கு வருகிறோம். அதைக் காட்டுவீர்களா?