புதுப்பிப்பு: நெக்ஸ்ட்கிளவுட் ஓடுகிறது, சிக்கல் வால்யூமில்தான்

டாக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களை, அதாவது தனித்தனியாக ஓடும் மென்பொருள் பொட்டலங்களை, ஒரே கோப்பிலிருந்து ஓடவைக்கும் கருவி) நெக்ஸ்ட்கிளவுட் (நம் சொந்த சர்வரில் கோப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) நிறுவும்போது தரவுத்தளம் கடவுச்சொல்லை ஏற்கவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன், சரியாகிவிட்டது. கம்போஸ் கோப்பில் கடவுச்சொல்லை நெக்ஸ்ட்கிளவுட், தரவுத்தளம் என்று இரண்டு இடத்திலும் மாற்றியிருந்தேன், ஆனால் தரவுத்தளமான மரியாடிபியின் கன்டெய்னர் அதை முதல் முறை, வால்யூம் (தரவு சேமிக்கப்படும் இடம்) காலியாக இருக்கும்போது மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் உள்ளே இருப்பது பழையதுதான். என்னிடம் இன்னும் தரவு எதுவும் இல்லை, அதனால் வால்யூமையும் சேர்த்து அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், வந்துவிட்டது.

ஏற்கெனவே கோப்புகளை ஏற்றியவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், எல்லாம் போய்விடும். பழைய கடவுச்சொல்லோடு மரியாடிபிக்குள் போய் 'ஆல்டர் யூசர்' (ALTER USER) கட்டளை கொடுத்து மாற்றுங்கள், நெக்ஸ்ட்கிளவுட்டின் config.php கோப்பிலும் அதே புதிய கடவுச்சொல்லைப் போடுங்கள்.

தரவுத்தளத்தின் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் (அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும்) பதிலாக கம்போஸ் கோப்பில் உள்ள அதன் சர்வீஸ் பெயரைப் போடச் சொன்னவருக்கு நன்றி, அதுவும் தேவைப்பட்டது.