'ப்ராம்ப்ட்' – எடுத்துக்கொடுப்பு

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் புதிய திறன்களைக் கற்பிக்கும்போது பயன்படும் 'ப்ராம்ப்ட்' (prompt – குழந்தை சரியாகச் செய்வதற்காகத் தற்காலிகமாகத் தரும் துணை) என்பதற்குத் தமிழில் 'தூண்டல்' என்ற சொல்லை ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். சொல் நல்ல சொல்தான். ஆனால் உளவியல் பாடநூல்களில் 'தூண்டல் – துலங்கல்' (stimulus – response) என்று அது வேறொரு பொருளுக்கு, அதாவது ஒரு செயலை எழுப்பும் சூழலுக்கு, ஏற்கெனவே உரியதாகிவிட்டது. இந்தக் கற்பித்தலிலோ அந்தத் தூண்டலையும் ப்ராம்ப்டையும் பிரித்தறிவதில்தான் வேலையே இருக்கிறது.

மண்ணான கையும் எதிரில் இருக்கும் குழாயும் தூண்டல். "சோப்பை எடு" என்று அம்மா சொல்வதும், மணிக்கட்டைப் பிடித்துச் சோப்புப் பெட்டிவரை கொண்டுபோவதும் ப்ராம்ப்ட். எனக்குத் தெரிந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கைகழுவும் படிகள் அனைத்தையும் பிழையின்றிச் செய்வான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் முன் நின்று தாயின் வாயைப் பார்ப்பான், அவர் சொன்ன பிறகே அவன் கை நகரும். குழாயைக் கண்டு செய்ய வேண்டியதைக் குரலைக் கேட்டுச் செய்யக் கற்றிருந்தான். இரண்டுக்கும் தூண்டல் என்றே பெயரிட்டால் அந்தத் தாய்க்கு இதை எப்படி விளக்குவது? உளவியல் ஆய்வாளர் டூஷெட் 1971இல் வெளியிட்ட ஆய்வு அளக்க முயன்றதும், ப்ராம்ப்டின் பிடியிலிருந்து தூண்டலின் பிடிக்கு நடத்தை மாறும் அந்தக் கணத்தைத்தான்.

'உதவி' மிகவும் பொதுவான சொல். நாள்தோறும் செய்துகொண்டே இருந்தாலும் அது உதவிதான்; ப்ராம்ப்டோ விலக்கிக்கொள்ளப்பட வேண்டியது. 'குறிப்பு' கைபிடித்துச் செய்விப்பதற்குப் பொருந்தாது.

நான் முன்மொழிவது 'எடுத்துக்கொடுப்பு'. தில்லையில் இறைவன் 'உலகெலாம்' என்று சேக்கிழாருக்கு அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறோம். மேடையில் வசனம் மறந்தவருக்குத் திரைமறைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். எடுத்துக் கொடுப்பவர் பாட்டு முழுவதையும் பாடுவதில்லை என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உடல்வழி, சைகைவழி, படவழி, சொல்வழி என்று அடைமொழி சேர்த்து வகைகளையும் சொல்லிவிடலாம். (செயற்கை நுண்ணறிவுக்கு நாம் இடும் ப்ராம்ப்டை இதனோடு முடிச்சுப் போட வேண்டாம், அது வேறு வழக்கு.)

ப்ராம்ப்டைப் படிப்படியாக விலக்கிக்கொள்ளும் 'ஃபேடிங்' (fading) என்பதற்கு 'மங்கல்' என்பதைவிடத் 'தளர்த்தல்' பொருந்தும். கையின்மேல் கைவைத்துப் பிடித்த பிடி மணிக்கட்டுக்கும், பின்னர் முழங்கைக்கும், கடைசியில் தோளைத் தொடும் ஒற்றை விரலுக்குமாகப் பின்வாங்குவதை அச்சொல் அப்படியே காட்டும். முழுத் துணையில் தொடங்குவதைக் 'குறைத்துச் செல்லும் முறை' எனலாம். பிழைகள் பழகிவிடாமல் இருக்கப் புதிய திறனுக்குப் பெரும்பாலும் இதையே கையாள்கிறார்கள். இதற்கு மறுதலையாக, சிறு துணையில் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டுவது 'கூட்டிச் செல்லும் முறை'. முதலில் இடைவெளியின்றி எடுத்துக் கொடுத்து, அடுத்து நான்கைந்து நொடி பொறுத்துத் தருவதைத் 'தாமதம்' என்றால் ஏதோ குறைபோலத் தொனிக்கிறது. 'காத்திருப்பு முறை' என்பது என் விருப்பம்.

மேலே சொன்ன சிறுவனின் நிலைக்கு 'எடுத்துக்கொடுப்புச் சார்பு' என்று பெயரிட்டால் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். 'எடுப்பு' என்று சுருக்கலாமே என்பீர்கள். ஆனால் தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடத்தை இசைவாணர்கள் ஏற்கெனவே அப்படி அழைக்கிறார்கள்.