கார்த்தஹேனாவில் இரண்டு நாளாகப் படகு இல்லை, என்ன செய்யலாம்?

கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் இருக்கிறோம்: நான், மனைவி, 71 வயது அம்மா. தங்கியிருப்பது கெத்செமனி பகுதியில். ரொசாரியோ தீவுகளுக்குப் போக முன்பணம் கட்டியிருந்தோம். காற்று பலமாக அடிப்பதால் இரண்டு நாளாக லா போதெகிதா படகுத்துறையிலிருந்து எங்கள் படகை விடவில்லை. வேறு இரண்டு படகுக்காரர்களிடம் கேட்டாயிற்று. "மாஞ்யானா", அதாவது நாளை, என்கிறார்கள். சரி, பணம் போனால் போகட்டும்.

மதில் நகரமும் சான் ஃபெலிப்பே கோட்டையும் பார்த்துவிட்டோம். (கோட்டைச் சுரங்கத்தில் அம்மாதான் முன்னால் நடந்தார்!) வெள்ளிக்கிழமை காலை பொகோட்டாவுக்கு விமானம். மிச்சம் வியாழன் ஒரு நாள்தான்.

பாரூவில் உள்ள பிளாயா பிளாங்கா கடற்கரைக்குப் பாலம் வழியாகத் தரைவழியே போகலாமாம். அம்மாவோடு காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்ப, பேருந்தா டாக்ஸியா, எது சரிப்படும்?