வியன்னாவில் ஒரு வாரக் கூட்டம்: எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது?

கல்பாக்கம்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பரில் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் தொழில்நுட்பக் கூட்டம், திங்கள் முதல் வெள்ளி வரை. எங்கள் பிரிவிலிருந்து நான் மட்டும்தான் போகிறேன். வெளிநாட்டுக்கு இதுதான் முதல் பயணம். அரசுப் பணியாகப் போகிறவர்களுக்குத் தரும் வெள்ளை பாஸ்போர்ட் வந்துவிட்டது, விசாவுக்கும் கொடுத்தாகிவிட்டது. ஞாயிறு மதியம் போய் இறங்குகிறேன், அடுத்த ஞாயிறு திரும்புகிறேன். ஸ்டீபன் தேவாலயம் பக்கம் ஒரு ஹோட்டலும், கூட்டம் நடக்கும் ஐ.நா. வளாகத்தை ஒட்டி இன்னொன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்? நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தனியாகப் போவதால் வீட்டில் எல்லோருக்கும் கவலை. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_டவுன்ஷிப்:

வாழ்த்துகள்மா. பணியில் இருந்த காலத்தில் அந்த ஊருக்குப் பல தடவை போயிருக்கிறேன், ஓய்வுக்குப் பிறகு மகள் குடும்பத்தோடும் போய் வந்தேன். நான் சொல்வது இதுதான்: நீங்கள் பார்த்து வைத்த இரண்டையும் விட்டுவிட்டு, ஹாப்ட்பான்ஹோஃப் என்கிற மத்திய ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள்.

காரணம் சொல்கிறேன். விமான நிலையத்திலிருந்து ஓபிபி என்கிற ஆஸ்திரிய ரயில்வேயின் சாதாரண ரயில் கால் மணி நேரத்தில் உங்களை அங்கே கொண்டுவந்து விடும். பச்சை நிறத்தில் சிட்டி ஏர்போர்ட் ட்ரெயின் என்று ஒன்று வரும். அது பல மடங்கு விலை, போவதும் வேறு நிலையத்துக்கு. நீங்கள் இறங்குவது ஞாயிறு. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. சூப்பர்மார்க்கெட்டுகள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. முதல் நாள் பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இறங்குகிறவருக்குப் பாலும் ரொட்டியும் தயிரும் கீழேயே கிடைப்பது பெரிய விஷயம். அப்புறம் அங்கிருந்து யு-1 மெட்ரோவில் லியோபோல்டாவ் திசையில் ஏறினால், எங்கும் மாறாமல் ஒன்பதாவது நிறுத்தம் கைசர்முய்லன். படியிறங்கினால் எதிரே ஐ.நா. வளாகம். ஸ்டீபன் தேவாலயமும் அதே பாதையில்தான் இருக்கிறது, மாலையில் போய் வரலாம். வளாகத்தை ஒட்டிய ஹோட்டலில் காலை நேரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அது அலுவலகப் பகுதி. நவம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஆள் நடமாட்டமும் குறைந்துவிடும். தனியாக இருப்பவருக்கு அது உற்சாகமான இடமில்லை.

மெட்ரோவில் நம் ஊர் மாதிரி தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, நேரே நடந்து உள்ளே போய்விடலாம். அதனால் டிக்கெட் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் நூறு யூரோவுக்கு மேல். ஒரு வாரத்துக்கான பாஸ் வாங்கிவிடுங்கள், காகித டிக்கெட் என்றால் நீலப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கள் காலை எட்டே காலுக்கெல்லாம் ஐ.நா. வளாகத்தின் ஒன்றாம் வாயிலில் நில்லுங்கள். விமான நிலையம் போலவே பை சோதனை உண்டு, படம் எடுத்து அடையாள அட்டை தருவார்கள், கூட்டம் தொடங்கும் நாளில் வரிசை நீளும். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது. அட்டை கிடைத்த பிறகு பாஸ்போர்ட்டை அறையின் லாக்கரில் வையுங்கள். வெள்ளை பாஸ்போர்ட் தொலைந்தால் துறைக்கும் தூதரகத்துக்கும் நீங்கள் எழுதும் விளக்கங்கள் முடியவே முடியாது. நம் தூதரகம் ஆபரா ஹவுஸ் பக்கத்தில், கெர்ட்னர் ரிங் 2. வியன்னாவில் இருக்கும் ஐ.நா. அமைப்புகளுக்கான இந்தியாவின் நிரந்தரத் தூதுக்குழுவும் அதுவேதான். கிளம்பும் முன்பே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்: யார், எந்தக் கூட்டம், எந்த ஹோட்டல், எந்தத் தேதி. தனியாகப் போகும் அதிகாரி இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

மருந்து விஷயம். பாராசிட்டமால்கூட அங்கே மருந்துக் கடையான அபொதேகெவில்தான் கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் இருக்காது. ஆன்டிபயாட்டிக் மருத்துவர் சீட்டு இல்லாமல் வராது. வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். தண்ணீருக்கு மட்டும் ஒரு காசு செலவழிக்க வேண்டாம். 1873-இலிருந்து ஆல்ப்ஸ் மலை ஊற்று நீரைக் குழாயில் நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். குளியலறைக் குழாயில் பிடித்தே குடிக்கலாம், அவ்வளவு நல்ல தண்ணீர்.

சனிக்கிழமையை வீணாக்காதீர்கள். நம் துறையில் இருப்பவர் பார்க்க வேண்டிய ஊர் அது. 71-ஆம் எண் டிராமில் போனால் மத்தியக் கல்லறைத் தோட்டம். இரண்டாம் வாயிலில் இறங்கினால் பேத்தோவன், ஷூபர்ட் சமாதிகள் இருக்கின்றன, எல்லோரும் அதோடு திரும்பிவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் நடந்து இயற்பியலாளர் போல்ட்ஸ்மன் சமாதியைத் தேடிப் பாருங்கள். அவர் சிலைக்கு மேலே என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) பற்றிய சமன்பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். கல்லூரியில் கரும்பலகையில் பார்த்ததை அங்கே கல்லில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் பெயரில் இருக்கும் போல்ட்ஸ்மன்காஸே தெருவில்தான் 1910-இல் ரேடியம் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ் அங்கே வேலை செய்தவர். அணுக்கரு பிளவை விளக்கிய லீஸ் மைட்னர் பிறந்து படித்ததும் இதே ஊரில்தான். சுற்றுலா வழிகாட்டிகள் அரண்மனைகளைத்தான் சொல்வார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

டோனாஸ்டாட்_தமிழ்:

சார் சொன்ன இடம் சரியான தேர்வு. நான் இங்கே குடும்பத்தோடு வசிக்கிறேன், சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

‘வெஜிடேரியன்’ என்று கேட்டால் முட்டை வரும். கைசர்ஷ்மார்ன், பலாட்ஷிங்கன் என்கிற இந்த ஊர் பான்கேக் வகைகள் எல்லாவற்றிலும் முட்டை உண்டு. காய்கறி சூப் என்று இருக்கும், அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கும். அதனால் ‘வேகன்’ என்று கேளுங்கள், உங்களுக்கு அது போதும். சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டுகளிலும் அந்த வார்த்தை தெளிவாக இருக்கும். பாலும் தயிரும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சிறு சமையலறை உள்ள அறை கிடைத்தால் இரண்டு யூரோ கூடினாலும் எடுங்கள். இங்கே ‘நாட்டூர்யோகூர்ட்’ என்று விற்பது நல்ல கெட்டித் தயிர், 3.6 சதவீதக் கொழுப்புள்ளதை வாங்குங்கள். ‘புட்டர்மில்க்’ நம் மோர் மாதிரியே இருக்கும், உப்பும் பெருங்காயமும் போட்டால் போதும். ஊறுகாய், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு வரலாம். நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், காயவைத்துப் பொடியாக எடுத்து வாருங்கள். ஏதாவது தீர்ந்துபோனால் ஏழாவது வட்டாரத்தில் ப்ரோசி என்ற கடை இருக்கிறது, இட்லி அரிசி வரை கிடைக்கும். ஞாயிறு அதுவும் மூடல்.

பாதுகாப்பு பற்றிக் கவலை வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு நான் தனியாக யு-1-இல் வருகிறேன், என் மாதிரி நிறையப் பெண்கள் வருகிறார்கள். பிராட்டர்ஸ்டர்ன் நிலையத்தில் மட்டும் இரவில் நின்று கொண்டிருக்காதீர்கள். ஸ்டீபன் தேவாலயம் இருக்கும் ஸ்டீபன்பிளாட்ஸ் நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டுங்கள், ஜேப்படி உண்டு. ஆபத்து என்றால் 112. இன்னொன்று, சாலையை ஒட்டிய சைக்கிள் பாதையில் நடக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அடி படுவது பெரும்பாலும் அங்கேதான்.

பில்_செக்‌ஷன்:

கணக்குப் பிரிவில் இருக்கிறேன், என் பங்குக்கு. முகமை உங்களுக்குத் தினப்படி தருகிறதா, அந்தத் தொகையில் தங்கலும் அடக்கமா என்பதை அழைப்புக் கடிதத்தில் பார்த்து, கிளம்பும் முன்பே உங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே செலவுக்கு முகமையிடமும் அலுவலகத்திடமும் வாங்க முடியாது. ஹோட்டலில் காலி செய்யும்போது கார்டு சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ‘ரெஷ்னுங்’ என்று கேட்டு உங்கள் பெயர், தேதிகள், ஓர்ட்ஸ்டாக்ஸே என்கிற நகர வரி எல்லாம் தனித்தனியாகப் போட்ட பில் வாங்குங்கள். போகும்போதும் திரும்பும்போதும் தரும் போர்டிங் பாஸ்கள் பத்திரம், போனில் இருந்தால் பிடிஎஃப் எடுத்து வையுங்கள். கூட்டம் முடிந்த பிறகு சனிக்கிழமை இரவு தங்குகிறீர்கள் அல்லவா, அதற்கு அனுமதி ஆணையில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த இரவு சொந்தச் செலவு.

கல்பாக்கம்_வாசி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆணையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், சனிக்கிழமை வரைதான் இருக்கிறது. நாளைக்கே நிர்வாகத்தில் கேட்கிறேன். ஹாப்ட்பான்ஹோஃப் பக்கத்தில் சமையலறையோடு ஒரு அறை பதிவு செய்துவிட்டேன். பழைய_டவுன்ஷிப் சார், போல்ட்ஸ்மன் சமாதி எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_டவுன்ஷிப்:

பிரிவு 14-சி. இரண்டாம் வாயிலிலேயே வரைபடம் இருக்கும்மா. சீக்கிரம் இருட்டிவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.