மலையேறப் போகும்போது துவக்கு வேண்டுமா? பார்த்தவர்கள் சொன்னது

நுவரெலியாவிலிருந்து, கேட்டவர்

மார்ச் மாதம் நாங்கள் நாலு பேர் நக்கிள்ஸ் மலைப் பக்கம் மூன்று இரவு தங்கி நடக்கப் போகிறோம். முதுகுப் பைக்குள் அடங்குகிற சின்ன ரைபிள்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றரைக் கிலோ அளவுதான் பாரமாம். வீட்டில் அம்மா புலி (நம்மூர்ச் சிறுத்தைதான்), பன்றி என்று பயப்படுகிறார். இங்கே அப்படி ஏதாவது எடுத்துப் போக வழி இருக்கிறதா? காட்டில் எதையாவது நேருக்கு நேர் பார்த்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

தலவாக்கலையில் பிறந்தவர், இப்போது வட ஒன்டாரியோ

தம்பி, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஏஆர்-7 ஆக இருக்கும். ஆர்மலைட் கம்பனியில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்து 1959இல் வந்தது. அதற்கு முந்திய ஏஆர்-5 அமெரிக்க விமானப்படைக்காகச் செய்தது. விமானம் ஆளில்லாக் காட்டில் விழுந்தால் விமானி முயலோ பறவையோ அடித்துச் சாப்பிட்டு உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் நோக்கம். ஏஆர்-7ஐக் கழற்றினால் குழல் உட்பட எல்லாப் பாகமும் அதன் பிடிக்கட்டைக்குள்ளேயே அடங்கும், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். போடுவது .22 என்கிற சின்னத் தோட்டா.

என்னிடம் இருப்பது அதைவிட எளிமையானது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடுகிற மடக்கு ரைபிள், அதுவும் .22தான். வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்த பிறகே வாங்க முடிந்தது. வாங்கிய வருடம் செப்டம்பரில் ஓர் ஏரிக்கரையில் தங்கினேன். விடியற்காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது பின்னால் சுள்ளி முறிகிற சத்தம். திரும்பினால் இருபது அடியில் ஒரு கருங்கரடி. ரைபிள் கூடாரத்துக்குள், பையின் அடியில், மடித்துத் துணி சுற்றியபடி கிடந்தது. கையில் இருந்தது கரண்டி. ஓடவில்லை. சட்டியில் தட்டிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினேன். அது மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, அப்புறம் வந்த வழியே போய்விட்டது.

ரைபிள் கையில் இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். .22ஆல் கரடியை நிறுத்த முடியாது, காயப்படுத்தத்தான் முடியும். கரடிக்கென்று துவக்கு கொண்டு போகிறவர்கள் 12 போர் என்கிற பெரிய குழல் சொட்கன்னில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டுக்கொண்டு போகிறார்கள். அது மூன்று கிலோவைத் தாண்டும். பாரமும் குறைய வேண்டும், பெரிய மிருகத்தையும் நிறுத்த வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து வராது. நான் இப்போது இடுப்பில் மாட்டுவது கரடி ஸ்பிரே, மிளகாய்க் காரம் அடைத்தது. மடக்கு ரைபிள் வீட்டில் பூட்டி இருக்கிறது.

ஹட்டன் பக்கத்திலிருந்து

தம்பி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின்படி இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். பயிரைக் காக்க விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள், அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கூடாரம் போடப் போகிறேன் என்றால் ஒருவரும் தர மாட்டார்கள். புலியைச் சுட்டால் 1937ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேறு இருக்கிறது.

ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியது அது இல்லை. காட்டில் துவக்கு ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் கொண்டு போக வேண்டியதில்லை, உங்களுக்கு முன்னாலேயே யாரோ கொண்டு போய்க் கட்டி வைத்திருக்கிறான்.

நான் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு நாள் பின்னேரம், மேல் மலையை ஒட்டிய காட்டில் விறகு பொறுக்கப் போனோம். முன்னால் போன மாமா சட்டென்று கையை விரித்து என்னை மறித்தார். ஒன்றும் தெரியவில்லை. "கீழே பார்" என்றார். முழங்கால் உயரத்தில், பன்றி போகிற தடத்துக்குக் குறுக்கே ஒரு தங்கூசி. மீன் பிடிக்கிற நைலோன் நூல், தண்ணீர் நிறத்தில். என் காலுக்கும் அதற்கும் ஒரு சாண் கூட இல்லை. நூலைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால் மறுமுனையில் இரண்டு கவைக்குச்சி, அதன் மேல் துருப்பிடித்த தண்ணீர்க் குழாய். மழை படாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு ரொட்டிப் பை கட்டியிருந்தது. பையில் படம் கூட அழியவில்லை. இரண்டு நாளைக்குள் கட்டியதாக இருக்க வேண்டும்.

அதுதான் கட்டுத்துவக்கு. அந்தக் குழாய்தான் துவக்கு, நூலில் கால் பட்டால் வெடிக்கும். பன்றிக்காகக் கட்டுவது. பன்றியின் நெஞ்சுக்கு வைத்த குறி மனிதனுக்கு முழங்காலிலும் தொடையிலும் விழும். எங்கள் பக்கத்து லயத்தில் ஒருவர் அப்படித்தான் காலை இழந்தார். காட்டிலிருந்து அவரைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மாமா அந்த நூலைத் தொடவே இல்லை. வந்த அடியிலேயே பின்வாங்கி, துண்டைக் கிழித்து மரத்தில் அடையாளம் கட்டி, இறங்கிப் போய்ச் சொன்னார்.

சுருக்குக் கம்பியும் அதே ரகம்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டு போனார்கள், சில நாளில் செத்துப்போனது. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கறுப்பாக ஒரு புலி இந்த மலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே அது கம்பியில் மாட்டிய பிறகுதான்.

அம்மாவுக்கு யானைப் பயமும் இருந்தால் சொல்லுங்கள்: துரைமார் காலத்தில் பதுளைப் பக்கம் இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஒருவரே ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டதாகச் சொல்வார்கள். உயர்ந்த மலைகளில் யானையைக் காண்பது அரிதாகிவிட்டதற்கு அந்தத் துவக்குகளும் ஒரு காரணம். மனிதரைத் தாக்குகிற கரடியும் நம் மலையில் இல்லை, அது வரண்ட வலயத்துக் காட்டில்தான்.

மாத்தளையிலிருந்து

புலியை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ரிவர்ஸ்டன் பாதையில் மாலை ஆறு மணி, மிஸ்ட் இறங்கிய நேரம். மதிலில் உட்கார்ந்திருந்தது, நாய் என்று நினைத்து டோர்ச் அடித்தேன். வால் தொங்கியதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்னால் நடந்தோம், அது எங்களைப் பார்த்தபடியே இறங்கி மானாப் புல்லுக்குள் போய்விட்டது. அவ்வளவுதான். இரவில் தனியாக நடக்காதீர்கள், சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். வன இலாகா அனுமதியும் ஊரில் ஒரு வழிகாட்டியும் கட்டாயம்.

பொகவந்தலாவையிலிருந்து

புலியைப் பற்றியே பேசுகிறீர்கள் அண்ணே, குளவியை ஒருவரும் சொல்லவில்லை. நான் கொழுந்து பறிக்கிறவள். என்னோடு நிரையில் நின்ற அக்கா குளவி கொட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மரத்தில் இருந்த கூட்டைக் கழுகு அடித்துவிட்டது, கீழே நின்ற எங்கள் மேல் எல்லாம் வந்து விழுந்தது. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தலையை மூடிக்கொண்டு ஓடினேன், அப்படியும் பதினோரு இடத்தில். துவக்கை வைத்துக் குளவியை என்ன செய்வது? கையை வீசாதீர்கள், முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓடுங்கள். சென்ட் பூசிக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள். கொட்டினால் உடம்பு வீங்குகிறவர் உங்கள் நாலு பேரில் இருந்தால் டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு உப்பு போதும்.

நுவரெலியாவிலிருந்து, கேட்டவர்

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரைபிள் யோசனையை விட்டுவிட்டேன், நக்கிள்ஸ் பக்கத்து மீமுரே ஊரில் வழிகாட்டி ஒருவரோடு பேசியிருக்கிறேன். ஹட்டன் அண்ணே, ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தத் தங்கூசியை எப்படிக் கண்ணால் பிடிப்பது?

ஹட்டன் பக்கத்திலிருந்து

பாதையை விட்டு இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் அதைப் பார்க்கவே வேண்டி வராது. ஒன்றுக்குப் போவதற்கென்று பன்றித் தடத்தில் நுழைவதுதான் ஆபத்து. முன்னால் போகிறவர் வழிகாட்டியாகவே இருக்கட்டும். அவர் நின்றால் ஏன் என்று கேட்காமல் நீங்களும் அதே இடத்தில் நில்லுங்கள். விடியற்காலையில் பனி பிடித்திருக்கும், அப்போது வெளிச்சம் வருகிற பக்கம் பார்த்து நின்றால் தங்கூசியில் துளி துளியாகத் தொங்குவது தெரியும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும், அப்புறம் அது கண்ணுக்கு அகப்படாது.