பைன் மரத்தரைக்குச் சோப்பா, வெள்ளை எண்ணெயா?

ஒஸ்லோ உறவுகளுக்கு வணக்கம். நாங்கள் வாங்கிய பழைய அடுக்குமாடி வீட்டை ஸ்காண்டிநேவிய முறையில் அமைக்க மிகவும் ஆசைப்படுகிறேன். டிசம்பரில் ஆறு மணி நேரமே பகல் இருக்கும் ஊரில் வெள்ளைச் சுவரும் வெளிர் மரமும் எவ்வளவு ஆறுதல் என்பது உங்களுக்கே தெரியும்.

சிக்கல் தரையில்தான். பைன் பலகைகளின் வார்னிஷ் மஞ்சளாகிவிட்டது. அதைத் தேய்த்தெடுத்துவிட்டு, டென்மார்க் வழக்கப்படி மரத்தை வெளிறச் செய்யும் காரக் கரைசலும் வெள்ளைச் சோப்பும் பூசலாமா, அல்லது வெண்ணிறம் கலந்த எண்ணெய் மேலா? அழகில் சோப்புத் தரைக்கு ஈடில்லை என்பேன். ஆனால் எங்கள் வீட்டில் தினமும் மஞ்சள்தூள் புழங்குகிறது. கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடியுமா?

இன்னொன்று: டென்மார்க் வடிவமைப்பாளர் பௌல் ஹென்னிங்சன் 1958இல் வடிவமைத்த பிஹெச் 5 என்ற தொங்குவிளக்கைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் 60 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால் கண் கூசாதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து படத்துடன் சொல்லுங்கள்.