பெல்ட் ஜாயின்ட் முழுசாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்: சுரங்க ஒப்பந்த வேலையில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வடலூர்காரி எழுதியது:

வணக்கம். நெய்வேலிப் பக்கம் சுரங்கக் கன்வேயர் பெல்ட் பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கிறோம். தானே புயல் அடித்து ஓய்ந்த மறு வருடம், 2012-இல், அப்பா ஆரம்பித்தது. இப்போது அவருக்கு உடம்பு முடியவில்லை, பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வடலூர், மந்தாரக்குப்பம், சேத்தியாத்தோப்பு பக்கத்து ஆட்கள் ஐம்பது பேருக்கு மேல் எங்களை நம்பி இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

ஸ்டீல் கார்டு பெல்ட்டில், அதாவது உள்ளே எஃகுக் கம்பிகள் ஓடும் ரப்பர் பெல்ட்டில், ஹாட் ஜாயின்ட் போடுவதுதான் (இரண்டு முனைகளைச் சூட்டில் ஒட்டி இணைப்பது) எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலை. உள்ளே இருக்கும் கம்பிகளைக் காயம் படாமல் உரிக்க வேண்டும். வரைபடத்தில் உள்ள வரிசைப்படி எதிரெதிராக அடுக்க வேண்டும். நடுவே ரப்பர் வைத்து, சூடாக்கி அழுத்தும் பிரஸ்ஸை ஏற்றி, 145 டிகிரி வாக்கில் வேகவைத்து, அழுத்தத்தை விடாமலே ஆறவைக்க வேண்டும். இடையில் தூசியோ ஈரமோ ஒட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், லோடு ஏறிய பிறகு பிரியும். இதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பொறுப்பேற்றுச் செய்யத் தெரிந்தவர் எங்களிடம் ஒருவர்தான். அப்பாவோடு சேர்ந்து தொடங்கியவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். அறுபதை நெருங்குகிறார், முழங்கால் வலி வேறு. அவருக்கு அடுத்து நின்ற தம்பி, ஓமனுக்கு விசா வந்துவிட்டது என்கிறார்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. போன மாதம் எங்கள் ஷெட்டிலிருந்து வெல்டிங் கேபிளும் பிரஸ்ஸுக்குப் போகும் கேபிளும் திருடு போயின. உள்ளே இருக்கும் தாமிரத்துக்காகத்தான். பூட்டு உடைபடவில்லை, சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்த யாரோ எடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். கேபிள் போனதைவிட இதுதான் எனக்கு வேதனை.

அடுத்த டெண்டருக்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் கொடுக்க வேண்டும். ஒரு கன்சல்டன்ட் முப்பது பக்கத்துக்குத் தயார் செய்து தருகிறேன் என்று மாதிரி அனுப்பினார். படித்துப் பார்த்தேன். அதில் மாமாவும் இல்லை, சாவியும் இல்லை. ஆள் திறமை, பாதுகாப்பு, தொழில் நஷ்டம் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதா, சேர்த்துப் பார்ப்பதா? எங்கிருந்து தொடங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்மேன் எழுதியது:

அம்மா, அந்த முப்பது பக்கத்தை ஓரமாக வையுங்கள். ஒரு நோட்டில் உங்கள் ஆட்களின் பெயரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவர் நாளைக்கு வராவிட்டால் எது நிற்கும், இவர் கையில் எந்தச் சாவி இருக்கிறது, எந்தக் கணக்கு இவர் தலையில் மட்டும் இருக்கிறது என்று எழுதுங்கள். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு இப்படி யோசிப்பது பழக்கம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாகப் பம்பு ஓட வேண்டும், இல்லையென்றால் தளம் உப்பிப் பிளந்து தண்ணீர் மேலே வரும். பம்புக்கு மாற்றுப் பம்பு வைத்திருப்பார்கள். பம்பு பார்க்கிற ஆளுக்கு மாற்று ஆள் இருக்கிறாரா என்பதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் அவர் ஏன் இன்னொருவரை முழுசாகத் தயார் செய்யவில்லை? பெரும்பாலும் கஞ்சத்தனம் காரணமாக இருக்காது. சொல்லிக் கொடுத்துவிட்டால் நம்மை யார் தேடுவார்கள் என்ற பயம். முழங்கால் போன வயதில் அந்தப் பயம் நியாயமானது. ஆகவே முதலில் அவர் வருமானத்தை உறுதி செய்யுங்கள். இனி குனிந்து கம்பி உரிக்க வேண்டாம், ஒவ்வொரு ஜாயின்டையும் பார்த்து ஒப்புதல் கையெழுத்துப் போடுவதும் கற்றுத் தருவதும்தான் உங்கள் வேலை, சம்பளம் குறையாது என்று எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

அப்புறம் எழுதிய பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தவன், கூட நின்று செய்தவன், தனியாகச் செய்தவன், இன்னொருவனுக்குச் சொல்லித் தரக்கூடியவன். இந்த நாலும் வேறு வேறு. கூட நின்றவனைத் தெரிந்தவன் என்று கணக்கெழுதுவதில்தான் பல இடங்களில் விபத்து ஆரம்பிக்கிறது. ஓடும் லைனில் பழக்க வேண்டாம், அங்கே நேரம் கழுத்தைப் பிடிக்கும். கழித்துப் போட்ட பெல்ட் துண்டுகளை முறைப்படி கேட்டு வாங்கி, ஷெட்டில் ஜாயின்ட் போடச் சொல்லுங்கள். போட்டதை மறுநாள் அறுத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். எங்கே காற்று நின்றது, எந்தக் கம்பி நகர்ந்தது என்று கண்ணால் பார்த்த பையன் அதை மறக்க மாட்டான்.

ஜாயின்ட் என்றால் ரப்பர் மட்டும் இல்லை. பெல்ட்டை அறுப்பதற்கு முன் கிளாம்ப் போட்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டேக்-அப்பின் இழுவையை இறக்கும் இடம்தான் ஆளைக் கொல்லும் இடம். எல்.சி. (கரண்டைத் துண்டித்தாயிற்று என்ற லைன் கிளியர் அனுமதி) வாங்கி, ஸ்விட்ச்சில் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பெல்ட்டில் கை வைக்க வேண்டும். அவசரத்துக்கு லைனை நிறுத்தும் புல் கார்டு கயிற்றை இழுத்துவிட்டு வேலை பார்ப்பது போதாது. புது ஆளுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள், ரப்பர் அப்புறம்.

சட்டப்படி, 1966-ஆம் ஆண்டு தொழிற்பயிற்சி விதிகளின்படி ஆரம்பப் பயிற்சியும் 5 வருடத்துக்கு ஒருமுறை மறுபயிற்சியும் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான். 2017-ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் கேட்கின்றன. அதற்குக் கொடுக்க உங்கள் நோட்டைவிட நல்ல அடிப்படை கிடையாது. 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்ட் ராஜ்மஹால் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் சரிந்து 23 பேர் இறந்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள். அதைப் படித்த அன்றிலிருந்து, ஒப்பந்த ஆளுக்கு ஒரு பாதுகாப்பு, நிரந்தர ஆளுக்கு ஒரு பாதுகாப்பு என்று யார் பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

குறிஞ்சிப்பாடி டூ சலாலா எழுதியது:

அக்கா, நானும் அந்தத் தம்பி மாதிரி கிளம்பி வந்தவன்தான், இங்கே துறைமுகக் கன்வேயரில் வேலை. சம்பளம் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் என் வேலையை நிரூபிக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. வருடக்கணக்கில் ஜாயின்ட் போட்டும் ஹெல்பர் என்றுதான் சம்பளச் சீட்டில் இருந்தது. இங்கே வந்த பிறகு என்ன தரத்து பெல்ட், எத்தனை அகலம், யார் போட்டது என்று ஒவ்வொரு ஜாயின்டுக்கும் என் பெயரோடு பதிவு வைத்தார்கள். அந்தப் பதிவுதான் எனக்கு அடுத்த சம்பளத்தை வாங்கித் தந்தது.

உங்கள் ஆட்களுக்கு அதைச் செய்யுங்கள். சுரங்கத் துறைத் திறன் கவுன்சில் வழியாக முன் அனுபவத்துக்கு மதிப்பீடு செய்து சான்றிதழ் தரும் முறை இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். சான்றிதழ் கொடுத்தால் ஓடிவிடுவான் என்று சிலர் பயப்படுவார்கள். கொடுக்காததால்தான் நான் கிளம்பினேன்.

இன்னொரு வேண்டுகோள். போகிறவன் என்பதற்காக அந்தத் தம்பியின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்காதீர்கள். நல்லபடியாக அனுப்புங்கள். கிளம்புவதற்குள் ஷெட்டில் கற்றுத் தர வாருங்கள் என்று கேளுங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். ரெண்டு வருட விசா முடிந்து எங்களில் பல பேர் ஊருக்குத்தான் திரும்புகிறோம்.

ரெட்டியார்பாளையம் கணக்கர் எழுதியது:

புதுச்சேரியில் ஒப்பந்ததாரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதுகிறேன். ஓவர்மேன் ஐயா சொன்ன நோட்டில் அலுவலக ஆட்களையும் சேருங்கள் மேடம். டெண்டர் போட உதவும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இப்போது யாரிடம் இருக்கிறது? பல இடங்களில் அது பிரவுசிங் சென்டர் தம்பியிடம், பாஸ்வேர்டோடு சேர்ந்தே இருக்கும். அது உங்கள் கையெழுத்து. யாரிடமும் விடாதீர்கள். பழைய ஜாயின்ட் போட்டோக்கள், ரப்பர் வேகவைத்த நேரம், வெப்பநிலைக் குறிப்புகள் எல்லாம் ஒரு சூப்பர்வைசரின் சொந்த போன் வாட்ஸ்ஆப்பில் இருந்தால், அவர் விலகும் நாளில் அவையும் போய்விடும்.

2019 மார்ச்சில் நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனத்தின் கணினிகளை ஹேக்கர்கள் முடக்கிப் பணம் கேட்டார்கள். நிறுவனம் கொடுக்கவில்லை. காகிதத்தை வைத்தும் கையால் இயக்கியும் சமாளித்தார்கள், பழைய முறை தெரிந்த மூத்த ஊழியர்கள்தான் கை கொடுத்தார்கள். ஆகவே காகிதப் பதிவு ஒன்றும் வைத்திருங்கள்.

கேட் பாஸ்: ஒரு ஆள் விலகினால் அன்றைக்கே பாஸை வாங்கி, பாஸ் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். பாஸ் தரவில்லை என்று கடைசிச் சம்பளத்தை நிறுத்தாதீர்கள், அது வேறு வழக்காகும். ஷெட் சாவிக்கு வாங்கியவர், கொடுத்தவர், நேரம் எழுதும் ஒரு புத்தகம். திருட்டுக்கு போலீஸ் புகார் எண் இருந்தால்தான் காப்பீடு பேச முடியும்.

கடைசியாக, ஊழியர் இழப்பீட்டுக் காப்பீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வேலை வகையும் சம்பளமும் உள்ளபடி இருக்கின்றனவா? பிரீமியம் குறைய வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் ஹெல்பர் என்று எழுதிவிட்டு, ஆள் கன்வேயர் மேலே நின்று விழுந்தால், அந்தக் குடும்பம்தான் அலையும்.

வடலூர்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் ஒப்புதல் கையெழுத்து வேலையைப் பற்றிப் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, சரி, ஆனால் ஆளை நான்தான் எடுப்பேன் என்றார். அவர் எடுத்தது நான் நினைத்தவரை இல்லை. கடலூர் ஐ.டி.ஐ. முடித்து வந்த, கை கொஞ்சம் மெதுவான பையன். காரணம் கேட்டேன். வேகமானவன் கம்பியைக் கத்தியால் தொட்டுவிடுவான், இவன் வரைபடத்தை ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறான் என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. ஓமன் போகும் தம்பியும் கிளம்பும் வரை ஷெட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். டோக்கன் என் பீரோவுக்கு வந்துவிட்டது.

ஐயா, ஒரு சந்தேகம். ஐப்பசி மழை வரப்போகிறது. பயிற்சியை இப்போதே தொடங்கலாமா, பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற ஓவர்மேன் எழுதியது:

இப்போதே தொடங்குங்கள் அம்மா. மழையில் லைன் நிற்கும்போது ஷெட்டில் ஆட்கள் சும்மா இருப்பார்கள், அந்த நேரம் உங்களுடையது. ஈரக் காற்றில் ஜாயின்ட் போடுவதுதான் கஷ்டம், அதையும் பையன் இப்போதே பார்க்கட்டும். தார்ப்பாய்க் கூடாரம் எப்படிக் கட்டுவது, கம்பியை எப்போது உலர்த்துவது என்பதெல்லாம் மாமாவுக்குத் தெரியும்.

பையனைத் தேர்ந்தெடுத்த விதம் பார்த்தால் மாமா நல்ல வாத்தியார். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள், திருத்த வேண்டாம்.

வேகாத ரப்பரை ஏ.சி. அறையில்தானே வைத்திருக்கிறீர்கள்? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒன்று வந்து கரண்ட் போனால் அந்த அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும். ரப்பரின் காலாவதித் தேதியை மழைக்கு முன் ஒருமுறை பாருங்கள். ரப்பர் சொல்யூஷன் டப்பாக்களை அதே அறையில் வைக்காதீர்கள், அதன் ஆவி சின்னத் தீப்பொறிக்கே பற்றும்.